குடிக்காதவர் கட்டிய கயிறு

குமராட்சிப் பக்கத்துக் கலியமூர்த்தி பி.காம். படித்தவர். வயல் வேலை வேண்டாம், நாற்காலி வேலைதான் வேண்டும் என்று தவம் கிடந்தவருக்குச் சிதம்பரத்தில் அரசு மதுக்கடை மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. ஆனால் ஒரு சொட்டுகூட வாயில் வைக்காத மனிதர் என்று சொன்னால் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. “லாலா கடைக்காரருக்கு இனிப்பே ஆகாதாம், நம்பிக்கங்கப்பா” என்று மச்சான்மார்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பெட்டியில் பாட்டில் உடைந்த நாளில் சட்டையெல்லாம் நாறும். மனைவி தமிழ்ச்செல்வி அவருடைய மாமன் மகள். அவள் அப்பா குடித்தே செத்தவர். அந்த நாற்றத்தில் வளர்ந்தவள். அவள் கேள்வி எதுவும் கேட்கமாட்டாள். வாசலிலேயே நிறுத்தி, “ஊதுங்க மாமா” என்பாள். அவர் ஊதிக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

2009 ஐப்பசியில் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. ஆள் பாதியாக இளைத்தார். விலாவுக்குக் கீழே வலப்பக்கம் கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. ஸ்கேனில் ஈரல் வீக்கம் என்று வந்தது. மதுக்கடை வேலை, ஈரல் வீக்கம். அவ்வளவுதான், ஊரே டாக்டராகிவிட்டது.

குடியை விடுகிறவர்கள் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்ளும் அம்மன் கோயில் ஒன்று பண்ருட்டிப் பக்கம் இருந்தது. செல்வி அவரை அங்கே அழைத்துப் போனாள்.

“நான் குடிச்சாத்தான செல்வி நிறுத்துறதுக்கு?”

“எங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு மாமா. எனக்காகக் கட்டிக்குங்க.”

அவள் அழுதாள். அவர் கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றைச் சதை பிதுங்க இறுக்கிக் கட்டினார்.

அங்கேதான் மனிதர் சறுக்கினார். அந்தக் கயிறு கையில் இருந்தால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: மொடாக்குடியன், இப்போது திருந்தப் பார்க்கிறான்.

“குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார் சிதம்பரத்து டாக்டர் ஒருவர்.

“இல்லீங்க.”

டாக்டரின் கண் மணிக்கட்டுக்குப் போனது. “அதான் கட்டியிருக்கீங்களே. விட்டது நல்லதுதான்.”

சீட்டில் ‘குடியால் ஈரல் பாதிப்பு’ என்று எழுதினார். அடுத்த டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்து அதையே எழுதினார். ஏழு மாதம் இப்படியே போனது. கயிறு கட்டியும் வீக்கம் வடியவில்லை என்றதும், ஒளித்துக் குடிக்கிறார் என்று பேசினார்கள். செல்வியும் அதை நம்பி அவர் பையைத் துழாவினாள். காய்ச்சலைவிட அதுதான் அவரை அரித்தது.

வைகாசியில் மஞ்சக்குப்பத்து டாக்டரம்மா ஒருவரிடம் போனார்கள். அவர் கயிற்றைத் தள்ளிவிட்டு நாடி பார்த்தார். பிறகு கழுத்தையும் அக்குளையும் தடவினார்.

“இந்தக் கட்டிங்க எவ்ளோ நாளா இருக்கு?”

“நாலு மாசமா இருக்குங்க. எல்லாரும் வயித்தத்தான் பாத்தாங்க.”

அவரை வார்டில் சேர்த்து, கழுத்துக் கட்டியிலும் ஈரலிலும் துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா செல்வியை உட்கார வைத்தார்.

“இது லிம்போமாம்மா. ரத்த வெள்ளையணுவுல வர்ற புற்றுநோய். ஈரல்லயும் பரவியிருக்கு. ஒரு வைரஸ் இருக்கு, முக்கால்வாசிப் பேரு உடம்புல சும்மாவே தங்கியிருக்கும், ஒண்ணும் செய்யாது. யாரோ சில பேருக்குத்தான் இப்படித் திரும்பிடுது. இவரு சதையில அது இருக்கு.”

“குடியாலதான...”

“குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

“முன்னாடியே வந்திருந்தா?”

டாக்டரம்மா காகிதத்தை மடித்தார். “மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப அவரு உடம்பு தாங்காது.”

செல்வி வார்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வியர்வையும் மஞ்சளும் ஊறிக் கல்லாகியிருந்த முடிச்சில் நகம்கூட இறங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலை உள்ளே மடக்கினார். சதை பிதுங்கக் கட்டிய கயிறு, முடிச்சு அவிழாமலே கையைவிட்டு வழுக்கி வந்து அவள் மடியில் விழுந்தது.

மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் அவள் அவர் முகத்தருகே குனிந்தாள். அவர் வேறெதற்கோ என்று நினைத்துக்கொண்டு, மெல்ல வாயைத் திறந்து ஊதிக் காட்டினார்.