நாகரசம்பட்டியில் ஒரு செந்தேளும் ஒரு வண்டி மாங்காயும்

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை நாகரசம்பட்டிக்குப் போய் வந்தேன். மாந்தோப்பைச் சுற்றிப் பார்க்க அல்ல, தேள் பிடிக்க. இந்த இடத்திலேயே பாதிப் பேர் பக்கத்தை மூடிவிடுவீர்கள் என்று தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு, பாறைக் கரடு என்று சுற்ற நினைப்பவர்கள் கடைசிப் பத்திகளையாவது படித்துவிடுங்கள்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை என்பதால் வீடு மத்திகிரியில். எங்கள் ஆய்வு, செல்களின் சவ்வில் இருக்கும் அயனிக் கால்வாய்கள் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் உள்ளே வர ஒரு கதவு, பொட்டாசியம் வெளியே போக ஒரு கதவு. இவை திறந்து மூடுவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் துடிக்கிறது. செந்தேளின் நஞ்சில் உள்ள புரதங்கள் இந்தக் கதவுகளைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்கின்றன. எது எந்தக் கதவை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கையிருப்பு நஞ்சு தீர்ந்துவிட்டது. அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. வழக்கமாகத் தேள் பிடித்துத் தருபவரோ மகள் கல்யாணத்தில் இருந்தார். "மழைக்கு முன்னாடி நீங்களே போய்ட்டு வந்துடுங்களேன்" என்றார் எங்கள் பேராசிரியர், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு.

காலை ஆறரைக்கு மத்திகிரியில் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். அதன் பிறகு அன்று எதுவும் சுலபமாக நடக்கவில்லை. ஓசூரில் ஏறிய கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் கன்னடத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அவர் பின்சீட்டுக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மடியில் காற்றுத் துளை போட்ட டப்பாக்களும் நீளமான இடுக்கியும் வைத்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். ஐம்பது கிலோமீட்டர் தூரம். சூளகிரியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் இரண்டு மணி நேரம் ஆனது.

கிருஷ்ணகிரியில் விசாரித்தபோது ஒருவர், "மத்தூர் வண்டில ஏறுங்க, அங்க மாறிக்கலாம்" என்றார். ஏறினேன். மத்தூரில் இறங்கியதும் டீக்கடைக்காரர், "நாகரசம்பட்டிக்கு எதுக்கு இங்க வந்தீங்க? காவேரிப்பட்டணம் போயில்ல போவணும்?" என்றார். யாரிடம் கோபப்படுவது? ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். டப்பாவில் என்ன என்று கேட்ட டிரைவரிடம் தேளுக்கு என்று சொல்லித் தொலைத்தேன். தோப்பு வாசலில் இறக்கிவிட்டு, மீதிச் சில்லறைகூடத் தராமல் போய்விட்டார்.

தோப்பு மாதப்பன் என்பவருடையது. கணவரோடு வேலை பார்ப்பவரின் மாமா. ஐம்பது வயதிருக்கும். அறுவடை நாள். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் பாதி அளவுக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றியிருந்தார்கள். அவர் மனைவி சாலம்மா மோர் கொடுத்தார். மாதப்பன் என் கையுறையையும் பூட்ஸையும் பார்த்தார்.

"தேளுக்கா மேடம் இத்தினி ஏற்பாடு? எங்க தோப்புல கல்லப் பெரட்டுனா தேளுதான். நான் காட்டறேன் வாங்க."

"அண்ணா, நீங்க கல்லுல கை வைக்காதீங்க. இடம் மட்டும் காட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்று முறை சொன்னேன். வேலியோரம் குவிந்து கிடந்த கற்களில் நான் ஒரு பக்கம் கொக்கியால் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை. மறுபக்கம் அவர் வெறுங்கையால், செருப்பும் இல்லாமல், பலகைக்கல் ஒன்றைத் தூக்கினார். "அய்யோ" என்று கையை உதறினார். அவர் விரலிலிருந்து விழுந்த செந்தேள் என் கண்ணெதிரே வாலைத் தூக்கியபடி ஓடியது. இடுக்கியை நீட்டுவதற்குள் சாலம்மா செருப்பைக் கழற்றி ஒரே அடி. காலையிலிருந்து தேடி வந்த பொருள் கூழாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாலம்மா என்னையும் தேளையும் பார்த்துவிட்டு, அதை ஒரு தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டார்.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன்.

"தேள் கொட்டுனதுக்கு எவனாச்சும் ஆஸ்பத்திரி போவானா? ஒண்ணியும் ஆவாது." சுண்ணாம்பு தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் வாதாடினேன். வண்டி டிரைவர் செல்வம் வந்து வெங்காயம் தேய்க்கச் சொன்னார். பறிக்க வந்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

பிறகு மாதப்பன் வாந்தி எடுத்தார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. இதைப் பாடமாகப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நஞ்சு சோடியக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், நரம்புகள் நிறுத்தாமல் சுடும், அட்ரினலின் கொட்டும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் திணறும். ஆய்வகத் திரையில் பச்சைக் கோடாகப் பார்த்து ரசித்தது, எதிரே வாயில் எச்சில் ஒழுகும் ஒரு மனிதருக்கு நடந்துகொண்டிருந்தது. என்னால்தான் அவர் அந்தக் கல்லடிக்குப் போனார்.

"வண்டிய எடுங்க" என்று கத்தினேன்.

செல்வம் தயங்கினார். "லோடு பாதிதான் ஏறிருக்குது மேடம். எறக்கிட்டுப் போவட்டுங்களா?"

கட்டிலில் இருந்தபடியே மாதப்பன் சொன்னார்: "எறக்காத. மாங்கூழ் ஃபேக்டரில டோக்கன் போட்டிருக்குது. போற வழிதான். அதக் குடுத்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரி போவலாம்."

உயிருக்குப் போராடுகிற மனிதர் மாங்காயை முதலில் ஃபேக்டரியில் சேர்க்கச் சொல்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் சாலம்மா, "மாங்காயும் வாணாம் மண்ணாங்கட்டியும் வாணாம். வண்டில ஏறு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர்கள் இருவரும் முன்னால் செல்வத்தோடு நெருக்கி உட்கார, நான் பின்னால் மாங்காய்க் கிரேட்டுகளின் மேல். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாங்காய் என் மடியில் விழுந்தது.

அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர். என்ன நிறத் தேள் என்று கேட்டார். சாலம்மா தாளைப் பிரித்துக் காட்டினார். உடனே நர்சிடம் மாத்திரையும் ஊசியும் சொன்னார். பிறகு என் பூட்ஸைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"தேள் நஞ்சுல ஆராய்ச்சி பண்றேன்."

"நீங்க பக்கத்துல நிக்கும்போதே கடி வாங்கினாரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மருத்துவர் கொடுத்தது இறுகிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை. அது வேலை செய்யும் வரை வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம். சாலம்மா கேட்டார்: "கொட்டுனது வெரல்ல. உடம்பெல்லாம் ஏன் வேர்க்குது?"

கதவு, சோடியம், நரம்பு எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் கதவச் சாத்தறதுக்கு மருந்து இல்லியா?"

"விஷத்தப் பிடிச்சுக்கற மருந்து இருக்கு. மாத்திரை இதயத்தக் காப்பாத்தும். ஆனா மாட்டிக்கிட்ட கதவையே சரியா சாத்துற மருந்து இன்னும் வரலக்கா. அதுக்குத்தான் தேளத் தேடி வந்தேன்."

"அதத்தான் நான் அடிச்சுப்புட்டனா?"

"ஆமா."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணி சுமாருக்கு நர்ஸ் உள்ளே கூப்பிட்டார். மாதப்பனின் கை சூடாகியிருந்தது. விரல் வலி இப்போதுதான் தாங்க முடியவில்லை என்று முனகினார். நஞ்சின் பிடி தளர்வதால்தான் வலி தெரிகிறது, அது நல்ல அறிகுறி என்றார் மருத்துவர். ஒரு நாள் இருக்கச் சொன்னார். மாதப்பன் கண்ணைத் திறந்ததும் கேட்டது, "லோடு போயிருச்சா?"

செல்வம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். நான் உட்கார்ந்து நசுக்கியதை மட்டும் ஃபேக்டரியில் கழித்துவிட்டார்களாம். அதையும் செல்வம் எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

இனி போகிறவர்களுக்கு. மத்தூர் வழியாகப் போகாதீர்கள். காவேரிப்பட்டணம் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். மதியத்துக்குமேல் பஸ் குறைவு. ஷூ போடுங்கள், போடும் முன் உதறுங்கள். கல்லையும் விறகையும் வெறுங்கையால் புரட்டாதீர்கள். யாராவது புரட்டிக் காட்டுகிறேன் என்றால், மரியாதை பார்க்காமல் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். தேள் கொட்டினால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். வேர்வை, வாந்தி, கை சில்லிடுவது தெரியும் வரை காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது எதிரே நிற்கும் வண்டியில் ஏறுங்கள். குழந்தைகள் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலி டப்பாக்களோடு ஆய்வகத்துக்குப் போனேன். பேராசிரியர், "ஒண்ணுகூடவா கிடைக்கல? ஒரு நாள் வீணாப் போச்சே" என்றார். கதவைச் சாத்த மருந்து இல்லையா என்று சாலம்மா கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "தேள் பிடிக்கிறவர் எப்ப திரும்பி வர்றார்?" என்று மட்டும் கேட்டார்.