அப்பாசாமி அண்ணன் போன் பேசிய விதம்

புக்கிட் ரம்பாயில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருஷமாக என்னைக் குடிகாரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் கள்ளுக்கடைப் பக்கம் லாரியைக்கூட நிறுத்தியவன் இல்லை. இந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அப்பாசாமி அண்ணன். கெட்ட எண்ணத்தில் இல்லை. கையில் வேலையை வைத்துக்கொண்டு போன் பேசியதால் வந்தது.

காஜா பேராங்கில் சலவைக்கடை வைத்திருந்தவர் அண்ணன். தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மாமனோடு டவுனுக்கு வந்து துணி வெளுக்கப் பழகியவர். ஜப்பான்காரன் போன பிறகு சொந்தமாகக் கடை போட்டார். ஐம்பத்து நாலில் கடைக்குப் போன் வந்தது. எங்கள் வரிசையில் அது ஒன்றுதான். ஆளுக்கு ஆள் அந்த நம்பரைத்தான் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தோம். கடைக்குப் பின்னால் அறை எடுத்திருந்த நானும் கொடுத்திருந்தேன்.

போன் அடித்தால் மற்றவர்கள் வேலையை நிறுத்துவார்கள். அண்ணன் நிறுத்த மாட்டார். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். கை தேய்த்துக்கொண்டே இருக்கும். வாய் போனுக்கும் பதில் சொல்லும், கடைக்கு வந்தவர்களுக்கும் சொல்லும். எது யாருக்கு என்று அவரவர்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கொஞ்சம் இருங்க’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

“காது ரெண்டு இருக்கே, ஒண்ணு எதுக்குச் சும்மா கெடக்கணும்?” என்பார்.

“என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான்,” என்பார் அவர் சம்சாரம் அன்னம் அக்கா. “மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு எங்கப்பா கேக்குறாரு. இவரு வாசல்ல போற மீன்காரன்கிட்ட, இன்னிக்கு வேணாம்ங்குறாரு.”

ஐம்பத்தாறு பிப்ரவரி. பாடாங் திடலில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரத் தேதி சொல்லும் கூட்டம் என்று ஊரே வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தது. அதே வாரம்தான் தரகர் சாமிநாதன் எனக்குப் பெண் பேசியிருந்தார். புக்கிட் ரம்பாய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ராஜரத்தினத்தின் மகள் கோகிலா. கோயிலில் ஒருமுறை பார்த்தேன், பிடித்திருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார் கிராணி.

போன் அடித்தபோது நான் கடையில்தான் நின்றேன்.

“ஆ, தெரியும், சொல்லுங்க,” என்றார் அண்ணன். அந்த நேரம் தெய்வானை டீச்சர் தன் வீட்டுக்காரர் சட்டையை மேசையில் விரித்து, “இது எப்படிண்ணே?” என்று கேட்டார்.

அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கறை இருக்கு. வெளியில தெரியாது, உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு.”

“வெளுத்தாப் போகாதா?”

“எத்தனை வெளுத்தாலும் போகாது. நான் பொய் சொல்ல மாட்டேன். வேற பாருங்க.”

பிறகு ரிசீவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். “வச்சிட்டாரே.”

“யாருண்ணே?”

“உன் கிராணிதான். மருதமுத்து எப்படின்னு கேட்டாரு. தங்கமான புள்ளன்னு சொல்றதுக்குள்ள வச்சிட்டாரு. போன் பேசத் தெரியாத மனுஷன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது.

நான் விடவில்லை. தோட்ட ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட வைத்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். “ஆறிப்போயிரும்டா,” என்றார்.

“அது சட்டைங்க, பையனச் சொல்லல,” என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். அப்போது ஒரு மலாய்ப் போலீஸ்காரர் உள்ளே வந்து, கடை தினமும் உண்டா, காலையில் எத்தனை மணிக்கு என்று மலாயில் கேட்டார். அண்ணனுக்கு எப்போதும் போனில் தமிழ், மலாய்க்காரரிடம் மலாய். அன்றைக்கு மாறிப்போனது.

“தினமும் உண்டு. விடிஞ்சதும் ஆரம்பம்,” என்றார் தமிழில், ரிசீவருக்குள்.

போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கிராணிக்குப் புரிந்தது. பையன் குடிப்பாரா என்று அவர் அப்போதுதான் கேட்டிருந்தாராம். இதைத் தரகர் பிறகு சொன்னார்.

மறுநாள் காலையில் சைக்கிளில் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். கிராணி உட்காரச் சொல்லவில்லை. “உங்க மனுஷரே சொல்லிட்டாரே தம்பி. அதுவும் ரெண்டு தடவை,” என்றார். நான் சட்டை, டீச்சர், போலீஸ்காரர் என்று வரிசையாக விளக்கினேன். விடிந்ததும் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கோகிலாவைச் சிரம்பானில் கொடுத்தார்கள்.

பிறகு நான் செமாபோக்கில் அஞ்சலையைக் கட்டினேன். அவர்கள் வீட்டில் போன் இல்லை, நேரில் வந்து விசாரித்தார்கள். அதுவும் ஒரு பொருத்தம்தான்.

அண்ணன் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்டதில்லை. பழக்கத்தையும் விடவில்லை. என் சட்டையைத் தேய்க்கும்போது மட்டும் போன் அடித்தால் எடுக்க மாட்டார்.

சென்ற மாசம் அவர் தவறிப்போன அன்று காலையில் பார்க்கப் போனேன். வாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. கடையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள்.

“அந்தக் கிராணி இருக்காரா?” என்று கேட்டார்.

“இருக்காரு. வேலைய விட்டாச்சு. வீட்டுலயே போன் இருக்காம்.”

“போட்டுக் குடு. இப்பத்தான் கையில வேல இல்லியே, ஒழுங்காப் பேசிருவேன்.”

தரகரிடம் நம்பர் வாங்கி வந்து சுழற்றி, ரிசீவரை அவர் காதில் பிடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“சாயந்தரம் வந்து இன்னொரு தடவை போட்டுக் குடு,” என்றார். “போட்டுட்டு நீ வெளிய போயிரு. நீ நின்னா உன்கிட்டயும் பேசிருவேன்.”