அந்த வாரம் முதலிடத்தில் இருந்த படம்

என் கணவரின் கையெழுத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்த அன்றுதான் குழப்பம் ஆரம்பித்தது. புடவை எடுக்க பீரோவைத் திறந்தேன். கதவின் உள்பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நான்கு கட்டங்களை நிரப்பியிருந்தார். முதல் மூன்றில் இருந்த சொற்கள் எனக்குப் புரியவில்லை. நான்காவதில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர், வடநாட்டுப் பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி. வேலைக்கு நேரமாகிவிட்டதை மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. எண்ணூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் இருபத்தாறு வருஷம் உலையடியில் நின்றவர். முந்தைய தீபாவளிக்குச் சற்று முன்னால் அந்தப் பிரிவையே மூடி, எல்லோருக்கும் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. நான் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறேன். திருவொற்றியூரில் இரண்டு அறை வீடு, கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் ஒரே மகள். ஞாயிறு மதியமானால் "தோ வந்துட்றேன்" என்று கிளம்பிப் போய் பொழுது சாயும் நேரத்துக்கு அவர் திரும்பி வருவதை நான் கவனித்துத்தான் இருந்தேன். வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் மனிதர் நாலு எட்டு வெளியே போனால் நல்லதுதானே என்று கேட்காமல் விட்டிருந்தேன்.

மகளைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அய்யே, அது படம் பேரும்மா. இந்தியாவுலயே அந்த வாரம் எந்தப் படம் ஃபர்ஸ்ட்டு வந்துச்சோ அதான் எழுதிக்கினு வருது அப்பா. நான்தான் போன்ல எப்டி பாக்கறதுன்னு காட்டுனேன்."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளிலும் நாட்டிலேயே அதிகம் வசூலான படம் எது என்று ஒரு பட்டியல் திங்கட்கிழமை வருமாம். அவர் அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு அந்தப் படத்துக்குப் போகிறார். இதைக் கேட்டு என் சந்தேகம் தீர்ந்தது, குழப்பம் தீரவில்லை. படம் பார்க்கிற ஆளே இல்லை அவர். கல்யாணமான புதிதில் என்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போய், இடைவேளைக்கு முன்பே என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டவர்.

அன்று மாலை அவரிடமே கேட்டேன்.

"இன்னாய்யா இது, பரீச்சைக்கு டைம்டேபிள் போட்ட மாதிரி?"

"இந்த வருசம் பூரா பாக்கலாம்னு."

"அதுல பாதி இந்தி. உனுக்கு இந்தி தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம்?"

"எது மொதல்ல வந்துச்சோ அது. எத பாக்கறதுன்னு யோசிக்க வேணாம் பாரு."

இது ஒரு பதிலா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் துணி மடிக்க ஆரம்பித்தார். வேலை போன பிறகு வீட்டில் துணி மடிப்பது அவர்தான்.

கட்டங்கள் நிரம்பிக்கொண்டே போயின. இந்தி, தெலுங்கு, நடுவில் ஒரு வாரம் இங்கிலீஷ், அப்புறம் ஒரு கன்னடம். தமிழ்ப் படம் வந்த வாரம் எனக்கு அல்பமாக ஒரு சந்தோஷம்கூட வந்தது, நம் வீட்டுப் பிள்ளை ஜெயித்த மாதிரி. அக்கம்பக்கத்தில் பேச்சும் வந்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது எதிர்வீட்டு அக்கா, "உங்க வூட்டுக்காரு ஒவ்வொரு ஞாயிறும் சட்டைய இன் பண்ணிக்கினு எங்கதான் போவுது?" என்று கேட்டார். படத்துக்கு என்றேன். "தனியாவா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை அர்த்தம்!

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. உலைச் சூட்டில் இத்தனை வருஷம் நின்றதில் தலைக்குள் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு சனிக்கிழமை மூளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அவரிடம் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில். நான் விடாமல் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "போன வாரம் ஃபர்ஸ்ட் எந்தப் படம்?" என்றார். இவர் சொன்னார். "அதுவா? நான் பார்க்கலாம்னு இருந்தேன், எப்படி இருக்கு?" என்றார் டாக்டர். "கூட்டம் நல்லா இருந்துச்சு சார்," என்றார் இவர். படம் எப்படி என்று கேட்டால் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்கு உறைத்தது. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றுமில்லை, போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "சீக்கிரம் துன்னுட்டு கெளம்பு," என்றார்.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு மாலில் தெலுங்குப் படம். அரங்கம் நிரம்பி வழிந்தது. படத்தில் ஒருவன் ஒற்றை ஆளாக ஒரு தேரை இழுத்துக்கொண்டிருந்தான், எதற்கென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் திரையைப் பார்த்ததைவிட அவரைத்தான் பார்த்தேன். அவரும் திரையை அவ்வளவாகப் பார்க்கவில்லை. விசில் வந்தால் திரும்பிப் பார்ப்பார், எல்லோரும் சிரித்தால் அரை நொடி தாமதமாகச் சிரிப்பார். சண்டைக் காட்சியில் லேசாகக் கண் அசந்தார். ஆனால் முடிவு நெருங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாட்சைப் பார்த்தார். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் "வா, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்த மாலில் படம் முடிந்ததும் பின்பக்கக் கதவைத் திறந்துவிடுவார்கள். வெறும் சிமெண்ட் படிக்கட்டு, மூன்று மாடி, கீழே வண்டி நிறுத்துமிடம். இத்தனை பேரும் அந்தக் குறுகலான படியில் ஒரே நேரத்தில் இறங்கினோம். செருப்புச் சத்தம், பேச்சு, வியர்வை வாடை. எனக்கு மூச்சு முட்டியது. அவர் எனக்கு இரண்டு படி முன்னால் தோளை லேசாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாத ஆளிடம் பேசிக்கொண்டே இறங்கினார். "தள்ளாத நைனா, எங்க போயிடப் போறோம், மெதுவா போலாம்." அப்படி அவர் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு ஃபவுண்டரி கேட்டுக்கு எதிரே போய் நிற்பேன். சைரன் அடித்ததும் காக்கிச் சட்டைகள் மொத்தமாக வெளியே வரும். அதற்கு நடுவே இப்படித்தான் தோளைச் சாய்த்துக்கொண்டு வருவார்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, "கூட்டத்துக்காகவா வர?" என்று கேட்டேன்.

"சீச்சீ, படத்துக்குத்தான்," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அதன்பிறகு நானும் அவ்வப்போது போனேன். ஆவணி மாதத்தில் ஒரு இந்திப் படம் முதலிடத்தில் இருந்தது. வடக்கே டிக்கெட்டே கிடைக்கவில்லையாம், மகள் போனில் படித்துச் சொன்னாள். அவர் அன்று அரை மணி முன்னதாகவே என்னைக் கிளப்பிவிட்டார். உள்ளே போனால் மொத்தம் பதினொரு பேர். நான் எண்ணினேன், எங்களையும் சேர்த்துத்தான். வேறு அரங்கத்துக்குள் வந்துவிட்டோமோ என்று அவர் வெளியே போய் டிக்கெட் கிழிப்பவரைக் கேட்டார். நானும் பின்னால் போனேன்.

"இன்னா தலிவா, இந்தியாவுலயே இத்தான் ஃபர்ஸ்ட்டுன்னு போட்டுக்கீது. ஆளே காணோம்?"

டிக்கெட்காரர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தியா எங்க கீதோ தெர்ல சார், இங்க இல்ல," என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். என் கணவர் சிரிக்கவில்லை. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்தப் படிக்கட்டில் இறங்கினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் கை வைத்து நின்றார்.

"ஊரே பாத்துச்சாம். அப்ப நம்ப எதுல சேத்தி மே?"

"கால் வலிக்குதா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டேன். இல்லை என்றார். கண் கலங்கியிருந்தது போல இருந்தது. அந்த இடத்தில் வெளிச்சம் போதாது, உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த வாரத்துக் கட்டத்தை அவர் நிரப்பவில்லை. அடுத்த வாரத்தையும் நிரப்பவில்லை. ஞாயிறு மதியம் சட்டை போட்டுக்கொள்ளாமல் படுத்துக் கிடந்தார். இந்தப் பைத்தியம் எப்போது தெளியும் என்று மாதக்கணக்காகக் காத்திருந்தவள் நான். தெளிந்ததும் வீடே கனத்துப் போனது. "படத்துக்குப் போலியா?" என்று நானே கேட்டேன். "எது ஃபர்ஸ்ட்டுன்னு பாக்கல," என்றார். நான் மகளிடம் கேட்டுச் சொன்னேன். "அப்டியா," என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி மழையில் சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது, ஃபவுண்டரியில் அவரோடு இருந்த ஒருவர் வந்து கூப்பிட்டார். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை அவர் மணலி சாலையில் நடத்துகிறார். வேலை குவிந்து கிடந்தது, கை போதவில்லை. நான்கு நாள் உதவிக்கென்று போன என் கணவர் அங்கேயே சேர்ந்துவிட்டார். மொத்தம் ஐந்து பேர். கேட்டும் இல்லை, சைரனும் இல்லை. ஐந்தே பேர் இருக்கிற இடத்தில் இவருக்கு எப்படி ஒத்துவரும் என்று பயந்தேன். ஒத்துவந்துவிட்டது. கிரீஸ் கையோடு வந்து, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறார். அது எப்படி என்றும் எனக்கு விளங்கவில்லை. அப்படியென்றால், கூட்டம்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்று நான் கண்டுபிடித்தது என்ன ஆயிற்று?

மார்கழியில் ஒரு நாள், அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது நேராகக் கேட்டேன்.

"அந்தப் படம்லாம் எதுக்குய்யா பார்த்த? மெய்யா சொல்லு."

சோப்பை இரண்டு முறை போட்டுக் கழுவிவிட்டுச் சொன்னார்:

"இன்னான்னு சொல்றது? எல்லாரும் போற எடத்துக்கு நானும் போயிக்கினு இருந்தேன். போவசொல்லோ நல்லா இருந்துச்சு. அப்பறம் போவத் தோணல."

"அவ்ளோதானா?"

"எனுக்கே தெர்ல மே. உனுக்கு எதனா தெரிஞ்சா சொல்லு."

அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். துண்டை நீட்டியபடி நானும் யோசித்துப் பார்த்தேன். கூட்டமாக இருக்கலாம். அந்தப் படிக்கட்டாக இருக்கலாம். கோடைக்கு ஏசி சுகமாக இருந்தது, அதுவாகவும் இருக்கலாம்.