பாடத்திட்டத்தில் இல்லாத முதல் படி

இங்கே ஒரு சாக்பீஸைக்கூட யாரும் சும்மா நீட்டுவதில்லை. வலது கை கொடுக்கும்போது இடது கை அதன் முழங்கையைத் தாங்கியிருக்கும். பெண்களானால் முழங்காலும் சற்று மடங்கும். வட ஜாம்பியாவில் உள்ள இந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்த முதல் வாரம், என் வகுப்பில் எல்லாருக்கும் கையில் சுளுக்கு என்றே நினைத்தேன். நானோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டிருந்தேன். அது மரியாதை என்றும், வாங்குகிறவரும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்றும் சக ஆசிரியை ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான், அந்த வாரம் முழுவதும் எத்தனை பேரை அவமதித்திருப்பேன் என்று உறைத்தது.

என் ஊர் தர்மபுரிக்குப் பக்கத்தில் இண்டூர். பௌதிகத்தில் பி.எஸ்ஸி., பிறகு பி.டி., அதன் பின் தர்மபுரியில் பயிற்சி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஆப்பிரிக்காவுக்குத் தொண்டர்களாகப் போக ஆசிரியர்கள் தேவை, இடமும் சாப்பாடும் கைச்செலவும் மட்டும் உண்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். நான் பெயர் கொடுத்தேன். வீட்டில் பெரிதாகச் சண்டை இல்லை. சித்தப்பா மட்டும் கேட்டார். "சம்பளம் குடுக்கறாங்கன்னா போம்மா, வேணாங்கல. சும்மா சொல்லிக் குடுக்கறதுக்குக் கடல் தாண்டிப் போவணுமா? மாரண்டஹள்ளிக்கு அந்தாண்ட ஒரே வாத்தியாரு அஞ்சு கிளாசையும் மேய்க்கறாரு. அங்க பஸ்லயே போயிடலாமே."

அவர் கேட்டதில் தவறில்லை. ஆனாலும் பெட்டியைக் கட்டினேன். அம்மாவின் கவலை வேறு, அங்கே சாப்பிட என்ன கிடைக்கும் என்பது. இந்தப் பக்கத்து மக்கள் கேழ்வரகு மாவைக் கிளறிக் கட்டியாக உண்கிறார்கள், அதற்கு உப்வாலி என்று பெயர் என்று இங்கிருந்து எழுதினேன். அம்மா சொன்னதை அண்ணன் அப்படியே எழுதி அனுப்பினான்: "களி திங்கறவங்களா? அப்பப் பயமில்ல."

என் வகுப்பில் முத்தாலே என்றொரு பெண். என்னைவிட மூத்தவள், மூன்று பிள்ளைகளின் தாய். சான்றிதழ் இல்லாமலே பல வருடங்களாகக் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தியவள். பயிற்சி பெறாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தவறிவிட்டாள். இந்த முறையும் தவறினால் பள்ளிக்கூடம் அவளுக்கு இல்லை. கணவரும் இல்லாத வீட்டில் அதுதான் சோறு.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. அதையே மாணவர்களுக்கும் சொல்லிவந்தேன். நான் மாதிரிப் பாடம் நடத்தும்போது செய்வதையெல்லாம் செய்கிற வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். எது முக்கியம், எது இல்லை என்று இப்போதே நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். ஒரு குச்சி, கயிறு, இரண்டு காலி டப்பாக்கள் கொண்டு தராசு செய்யும் பாடத்தை ஒருநாள் நடத்திக் காட்டினேன். முத்தாலே முன்வரிசையில் இருந்தாள்.

தேர்வு நாளன்று அவளுக்கு விழுந்ததும் அதே தராசுப் பாடம். பக்கத்துக் கிராமப் பள்ளியில், உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் நடத்த வேண்டும். தலைநகரிலிருந்து வந்த தேர்வாளர் சிரிப்பு என்பதே அறியாதவர் போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். பயிற்றுநர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

முத்தாலே உள்ளே வந்தாள். வணக்கம் சொன்னாள். பாடப்புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். வலது கால் பெருவிரலால் அதை மெல்லத் தொட்டாள். பிறகு குனிந்து, புத்தகத்தை விரல்களால் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதிரிப் பாடத்தன்று புத்தகம் சரிந்து என் காலில் பட்டிருக்கிறது. நான் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். செய்தது எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் மாதா படம், பக்கத்து வீட்டில் மாரியம்மன் படம். ஆனால் காலில் காகிதம் பட்டால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் செய்வது இதைத்தான். அது மூச்சு விடுவது மாதிரி. அதைப் போய் இவள் பாடத்தின் முதல் படியாகக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அது என்ன?"

"முதல் படி, ஐயா."

"எதற்கு முதல் படி?"

முத்தாலே என்னைப் பார்த்தாள். என் முகத்திலிருந்தே ஏதோ தவறு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் தொலைந்தாள் என்றே நினைத்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மேல் உங்கள் கால் பட்டால் பேசாமல் போவீர்களா?"

"இல்லை, டீச்சர்."

"இந்த வகுப்புக்கு இருப்பது எத்தனை புத்தகம்?"

"இது ஒன்றுதான், டீச்சர்."

"அதற்குத்தான்" என்றாள். உடனே குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதன் பின் பாடம் ஓடியது. டப்பாவில் கல்லைப் போட்டு, கயிற்றை நகர்த்தி, தராசு எப்போது சமமாகும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நான் நடத்தியதைவிட நன்றாகவே இருந்தது.

முடிந்ததும் தேர்வாளர் என்னை வெளியே மாமரத்தடிக்கு அழைத்துப்போய், அந்தப் படி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லை, அது எங்கள் ஊர்ப் பழக்கம், செய்ததையெல்லாம் குறிக்கச் சொன்னது நான், அவள் சொன்னபடி செய்தாள், குறைப்பதானால் என் பெயருக்கு நேரே குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வெகுநேரம் எழுதினார்.

"பாடத்திட்டத்தில் இல்லாததற்கு நான் மதிப்பெண் போட முடியாது" என்றார். "இல்லாததற்குக் குறைக்கவும் முடியாது."

முத்தாலே தேறினாள். முடிவு வந்த மாலை என் அறைக்கு வந்து, இந்த ஊர் வழக்கப்படி மண்டியிட்டு மெல்லக் கைதட்டி நன்றி சொன்னாள். பிறகு, அது படி இல்லையென்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டாள். செய்தது எனக்கே தெரியாது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

"நல்ல வேளை மேடம், அன்றைக்கு நீங்கள் தும்மவில்லை."

அவள் தன் பள்ளிக்கே திரும்பிப் போனாள். அந்தப் படியை அவள் விடவில்லையாம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்று, அவளோடு வேலை செய்யும் ஒருவர் கல்லூரிக்கு வந்தபோது சொன்னார்.

அந்தத் தேர்வுக்குப் பிறகு விடுமுறையில் ஊருக்குப் போனேன். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவும் வந்திருந்தார். "வூட்டோட வந்துட்டியா, மறுபடி போறியா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து நீட்டினாள். வலது கையால் வாங்கினேன்.

அம்மா டம்ளரை விடாமல் என்னையே பார்த்தாள். "ஏங்கண்ணு, கையில சுளுக்கா?"

அப்போதுதான் கவனித்தேன். என் இடது கை வலது முழங்கையைத் தாங்கியிருந்தது. முழங்காலும் சற்று மடங்கியிருந்தது.