கேள்வி கேட்கிற மருந்துக்கடை

மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கிறது சுலபம். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கிறதுதான் பெரும்பாடு. கவுண்டருக்குப் பின்னாடி நின்னு கால் கடுத்துப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா! ஒருகாலத்துல பிரெஞ்சுக்காரங்க ஆண்ட எங்க ஊர்ல, நெல்லித்தோப்புக் கடையில நான் பட்டதையும் கேளுங்க.

வெள்ளை மாத்திரை

வேலைக்குச் சேர்ந்த புதுசு. "நோயாளிகிட்ட நல்லா விசாரிச்சு மருந்து குடுங்க"ன்னு காலேஜ்ல சொல்லி அனுப்பியிருந்தாங்க. ஒரு அக்கா வந்து, "அந்த வெள்ளை மாத்திரை குடு"ன்னாங்க. கடையில முக்கால்வாசி வெள்ளைதான்! எதுக்குன்னு கேட்டேன். முட்டிவலிக்காம். யாருக்குன்னேன். பக்கத்து வீட்டுக்காரிக்காம். அவங்களுக்கு அல்சர், சுகர் ஏதாவது இருக்கான்னு கேட்டதுதான் தாமதம், அக்காவுக்கு வந்ததே கோவம்!

"ஏம்மா, மாத்திரை கேட்டா பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறியே!"

முதலாளியின் அறிவுரை

அக்கா எதிர்க்கடைக்குப் போனதை முதலாளி பாத்துட்டார். நல்ல மனுஷன்தான், ஆனா படியிறங்கிப் போற வாடிக்கையாளரைப் பாத்தா அவருக்கு பிபி ஏறிடும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பரீட்சை வைக்கணும்னா லாஸ்பேட்டை காலேஜுக்குப் போ, இங்க மாத்திரையைக் குடு."

பிரான்சு டப்பா

அடங்கியிருந்திருக்கலாம். என் வாய் கேட்கணுமே! லூயி அய்யா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர், எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்லுவோம். வழக்கமான பிபி மாத்திரையோட, "தலை சுத்தலுக்கும் ஒண்ணு குடும்மா"ன்னார். பிபி மாத்திரை அளவு கூடினாலும் தலை சுத்துமே, எனக்கு சுருக்குன்னுச்சு. வேற மாத்திரை ஏதாவது போடுறீங்களான்னு கேட்டேன். "பொண்ணு பிரான்சுல இருந்து அனுப்புறா, அது வேற கணக்கு"ன்னார். அந்த டப்பாவை ஒருவாட்டி எடுத்துட்டு வாங்க அய்யான்னேன். மீசை துடிச்சிது.

"பிரான்சு டாக்டர் எழுதினதை நெல்லித்தோப்புல செக் பண்ணுவியா?"

மாத்திரையே வாங்காம போயிட்டார். கடையில பழைய வாடிக்கையே அவர்தான். முதலாளி சத்தம்கூடப் போடல, அதுதான் பயமா இருந்திச்சு.

"அவர் திரும்பி வரலேன்னா, நீயும் வராதம்மா."

பிளாஸ்டிக் பை

மறுநாள் காலையில கடையைத் திறந்தேன். லூயி அய்யா வீட்டம்மா வேகமா வந்தாங்க. அவர் படுக்கையை விட்டு எழுந்ததும் கண்ணு இருட்டி விழப் பாத்தாராம். அவர் மாத்திரையெல்லாம் போட்டு வச்சிருந்த பிளாஸ்டிக் பையை அப்படியே கவுண்டர்ல கொட்டினாங்க. பிரான்சு டப்பாவைத் திருப்பி, அடியில பொடி எழுத்தைப் படிச்சேன். நாங்க குடுக்கிற அதே பிபி மருந்து! பேர்தான் வேற. வீட்டுல மிச்சமிருந்த நம்ம மாத்திரையோட சேத்து, மனுஷன் ரெண்டையும் போட்டுக்கிட்டிருக்கார். உடனே அவங்க டாக்டருக்குப் போன் போட்டேன். அப்பவே கூட்டிட்டு வரச் சொன்னார். பாத்துட்டு, ஒண்ணை நிறுத்திட்டார்.

அடுத்த வாரம் லூயி அய்யா தெம்பா வந்தார். எனக்கு அப்பதான் உயிரே வந்துச்சு. கூடவே நாலு சொல்தாக்கள், ஆளுக்கொரு பிரான்சு டப்பாவோட. முதலாளி ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். லூயி அய்யா என்னைக் காட்டி அவங்ககிட்ட சொன்னார்:

"இந்தப் பொண்ணு கேட்டா மறைக்காம சொல்லிடுங்க, விடமாட்டா!"

இப்பல்லாம் கூட்டத்துல அவசரமா ஒருத்தருக்குக் கேள்வி கேட்காம மாத்திரை குடுத்தாப் போதும், "ஏம்மா, எம்மேல ஏதாவது கோவமா?"ன்னு என்னைத்தான் நிறுத்தி விசாரிக்கிறாங்க.