ஒண்ணொண்ணு அக்காவும் ஏழு சிலிண்டரும்

கழற்றிய ஸ்பார்க் பிளக்கை அக்கா முதலில் மூக்கருகே கொண்டுபோகிறார், பிறகுதான் கண்ணருகே. முகர்ந்துவிட்டுத் தலையை இடப்பக்கம் சாய்த்தால் பிளக் மறுபடியும் எஞ்சினுக்குப் போகும். வலப்பக்கம் சாய்த்தால் பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். ஏழு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆகப் பதினான்கு. பதினான்கையும் முகர்ந்து முடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நாற்பது நிமிடமும் நாம் வாய் திறக்கலாகாது. திறந்தால், "எண்ண விட மாட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டு முதல் பிளக்கிலிருந்து மீண்டும் தொடங்கிவிடுவார்.

வயது ஐம்பத்தாறு. வார நாள்களில் ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டர்களைப் பராமரிப்பது அவருடைய பிழைப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் பறப்போர் சங்கத்தின் கொட்டகைக்கு வந்துவிடுகிறார். அங்கே நிற்பது, படைவீரர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காக எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஈரடுக்கு விமானம். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், மூக்கில் வட்டமாகச் சுற்றி அமைந்த ஏழு சிலிண்டர்கள். கற்றுக்குட்டிகளின் அத்தனை முரட்டுத்தனத்தையும் தாங்கவேண்டும் என்றே கட்டிய எஞ்சின் அது. சங்க உறுப்பினர்களின் பொறுமையைச் சோதிக்கவேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; தானாகவே கற்றுக்கொண்டது. அதற்கு நிகழ்வனவற்றையெல்லாம் தேதியும் நேரமும் இட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு.

கொட்டகையில் அவருக்கு 'ஒண்ணொண்ணு அக்கா' என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஒண்ணொண்ணாப் பார்ப்போம்" என்பதே விடை. ஒரு கோளாறு வந்தால் ஒரே ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவார். பிறகு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். அது குற்றமற்றது என்று தெளிந்த பின்னரே அடுத்ததில் கைவைப்பார். முறை என்ற அளவில் இதில் நான் குறை காண இயலாது. நானும் பல்துலக்கும் தூரிகையைத் தேதி போட்டு மாற்றுகிறவன்தான். ஆனால் அவருடைய முறையை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது, பிறர் கையில் சிக்கலான நூல்கண்டைக் கைகட்டிக்கொண்டு பார்ப்பது போன்றது. பிடுங்கிப் பிரித்துவிடலாமா என்று விரல் துறுதுறுக்கும்.

கைத்துணிகள் பதினொன்று வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் மூலையிலும் அதன் எண்ணைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் பதினொன்றும் வரிசையாகப் பலகைமீது கிடக்கவேண்டும். இல்லையேல் எஞ்சினின் மூடி மறுபடியும் கழற்றப்படும். ஒருமுறை ஒன்பதாம் எண் காணாமற்போய், எஞ்சினை முக்கால்வாசி பிரித்த பிறகு, சங்கத் தலைவர் அதைக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்று அவர் தலைவரிடம் பேசிய சொற்களைப் பதிவேட்டில் நான் சேர்க்கவில்லை. எந்த வேலையையும் 'சரியாகிவிட்டது' என்று சொல்லும் வழக்கமும் அவரிடம் இல்லை. "இப்போதைக்கு வாயைத் திறக்கல" என்பார். அவ்வளவே.

பெட்ரோல் அளவு காட்டும் மானியையும் அவர் நம்புவதில்லை. "மானிக்கு நல்லாப் பொய் சொல்ல வரும். குச்சிக்கு வராது." ஆகவே விமானம் கொட்டகை வாசலில் வந்து நின்றதும், ஓட்டியவர் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் ஏணியைச் சாய்த்து ஏறி, மேலிறக்கையின் நடுவில் உள்ள டேங்க்கின் மூடியைத் திறந்து, கோடு கிழித்த மரக்குச்சியை உள்ளே விட்டு அளந்துவிடுவார். அதன் பிறகுதான் மற்ற விசாரணைகள்.

ஓட்டுபவர் வேறு யாருமல்லர், அவருடைய தம்பி. பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் ஆசிரியர். ஐந்து வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, மேலே ஏறி ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் ஆனபோது எஞ்சின் நான்கு முறை இருமி வலுவிழந்ததாகச் சொல்லி அவசரமாக இறங்கிவந்தார். அக்கா வழக்கம்போல் ஏறி, குச்சிவிட்டு அளந்து, இறங்கி, எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். அது வெண்ணெய்போல் ஓடியது. காற்றினால் மட்டுமே குளிரும் எஞ்சின் ஆகையால் தரையில் நிறுத்திவைத்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டமுடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் அது ஒருமுறைகூடத் தும்மவில்லை.

"அக்கா, சத்தியமா இருமுச்சு."

"என்கிட்ட இருமலையே."

"உன்கிட்ட அதுக்குப் பயம்."

"அப்ப நீயும் கொஞ்சம் பயந்து ஓட்டு. மேல போய் அந்த லீவரை என்னடா பண்ற?"

"இருபது வருஷமா இதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கறேன்!"

"அதான். சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, சொன்னாக் கேக்கறது மறந்துபோச்சு."

முதல் வாரம் பிளக்குகளை மாற்றினார். இரண்டாம் வாரம் பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகள். மூன்றாம் வாரம், பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ. நான்காம் வாரம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். ஐந்தாம் வாரம் பெட்ரோல் வடிகட்டி. ஒவ்வொரு வாரமும் தம்பி மேலே போய், இருபத்தைந்தாம் நிமிடத்தில் இருமல் கேட்டு, முகம் சிவந்து திரும்பினார். ஒவ்வொரு முறையும் ஏணி சாய்ந்தது, குச்சி இறங்கியது, எஞ்சின் வெண்ணெய்போல் ஓடியது. 'தரையில் நன்று, வானில் இருமல்' என்று ஐந்து வாரமும் ஒரே வாக்கியத்தை எழுதி என் கை ஓய்ந்தது. அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியிருந்தனர். "அவனைக் கேளுங்க சார், பெட்ரோல் வாசனை வந்துச்சான்னு." "அவங்ககிட்ட சொல்லுங்க சார், வரலைன்னு." இரண்டு முழ இடைவெளியில் நின்ற இருவருக்கும் நடுவே நான் தூது போய்க்கொண்டிருந்தேன்.

மர வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் தலைவர் கடைசியில் வெடித்துவிட்டார்.

"ஏம்மா, அந்த அஞ்சையும் ஒரே நாள்ல மாத்தியிருந்தா சனியன் அன்னைக்கே தொலைஞ்சிருக்கும்ல?"

"தொலைஞ்சிருக்கும். எது தொலைஞ்சுதுன்னு தெரியாமத் தொலைஞ்சிருக்கும்."

"எனக்கு அது தெரியவே வேண்டாம்மா! வர்ற சனிக்கிழமை இன்னொரு தடவை இருமட்டும், கொட்டகைச் சாவியைக் கொடுத்துடு. வெளியில ஒரு மெக்கானிக்கிட்ட பேசிட்டேன்."

அக்கா "சரி" என்றார். கைத்துணிகளை எண்ணினார். தலைவர் போன பிறகு, என்னைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாவி போனாப் போகுது சார். வர்றவன் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துவான். பத்து நிமிஷம் தரையில ஓடும். இவனும் அதை நம்பி மேல ஏறுவான். இருக்கறது ஒரே தம்பி."

அச்சனிக்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு விமானம் மேலே ஏறியது. ஒன்பது முப்பத்தாறுக்கு முதல் இருமல் எங்கள் காதிலேயே விழுந்தது. முன்பெல்லாம் நாலைந்து இருமலோடு அடங்கி எப்படியோ இழுத்துக்கொண்டு திரும்பும் எஞ்சின், அன்று இருமி இருமி அடியோடு நின்றுவிட்டது. தலைக்குமேல் அவ்வளவு பெரிய பொருள் சத்தமின்றி வருவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கொட்டகை வரை கொண்டுவர உயரம் போதவில்லை. ஓடுபாதையின் மறுகோடியில் இறங்கி, இருமுறை துள்ளி, புல்லில் போய் நின்றது.

ஒண்ணொண்ணு அக்கா ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். என் மிதிவண்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி கீழே இறங்கித் தலைக்கவசத்தின் வாரை அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தார்.  ஒருவழியாக அவிழ்த்து அதைப் புல்லில் வீசினார்.

"போதும்க்கா. சாவியைக் குடுத்துடு. என்னால முடியல."

அக்கா அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். அடிபடவில்லை என்று உறுதியானதும் கை தானாக ஏணியைத் தேடியது. ஏணி ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொட்டகையில் கிடந்தது. கையில் குச்சி மட்டும் இருந்தது. அவருடைய வரிசையில் அடுத்த படி இல்லாமற்போன அந்த அரை நிமிடம் அவர் என்ன செய்வதென்று அறியாமல் நின்றார்.

"ஏறி உக்காரு. கிளப்பு."

"என்னது?"

"இப்பவே கிளப்புடா."

"உனக்கு என்ன பைத்தியமா? இப்பத்தான் செத்துப் பிழைச்சு வந்திருக்கேன்!"

"தரையிலதானே நிக்குது? நின்னா நிக்கட்டும். ஏறு!"

வாரக்கணக்கில் நேரில் பேசாதவர்கள் பேசத் தொடங்கிய விதம் இது. தம்பி கோபத்தில் தாவி ஏறினார். அக்கா பக்கவாட்டில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார். எஞ்சின் கிளம்பியது. என் கடிகாரப்படி ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஓடியது. இருமியது. நின்றது.

"இருமிடுச்சு!" என்றார் அக்கா. அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். "சார், எழுதிக்கோங்க. என் முன்னாடி இருமிடுச்சு!"

தலையில் அடித்துக்கொள்வதா எழுதுவதா என்று நான் தயங்கிய வேளையில் தம்பி கீழே இறங்கினார்; தலைவரின் ஜீப் ஏணியோடு வந்து சேர்ந்தது. தலைவர் "சாவி" என்று தொடங்குவதற்குள் அக்கா ஏணியைப் பிடுங்கிச் சாய்த்து மேலே ஏறி, மூடியை அரைத் திருகு திருகினார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளியேறும் காற்றின் சத்தம் அன்று. உள்ளே இழுபடும் காற்றின் சத்தம். கீழே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நான்கு மூச்சு விடும் நேரம் நீடித்து ஓய்ந்தது. மூடியின்மேல் இருந்த கையை அக்கா எடுக்கவில்லை.

"டேங்க் மூச்சு முட்டிக் கிடக்குதுடா" என்றார் மெதுவாக. "மேல காத்து உள்ள போனாத்தானே கீழ பெட்ரோல் இறங்கும்?"

மூடியின் அருகே, காற்று உட்புகுவதற்காக விரல் பருமனில் வளைந்த குழாய் ஒன்று நிற்கிறது. அதன் வாய்க்குள் கொக்கிபோல் வளைத்த கம்பியை விட்டார். உள்ளே தள்ளிவிடாமல் வெளியே இழுத்தார். காய்ந்த மண் கட்டியாக வந்தது. குளவி கட்டிய கூடு. ஒரு கீற்றுத்தான் இடைவெளி விட்டு அடைத்திருந்தது.

"கொட்டகைக்கு வர்றதுக்குள்ள பாதிக் காத்து அந்தக் கீத்து வழியா ஏறியிருக்கும். மீதிச் சத்தத்தைக் கொட்டகையில ஓடற காத்தடிக்கற கம்ப்ரஸர் முழுங்கியிருக்கும்." மண்கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னார்: "அஞ்சு வாரமா நீ சொன்னதுதான் சரி. நான்தான் ஒவ்வொரு வாட்டியும் மூடியைத் திறந்து அதைச் சரிபண்ணிட்டு, அப்புறம் உன்னைக் கிளப்பச் சொல்லியிருக்கேன். அளக்கறேன் அளக்கறேன்னு நானே அழிச்சிருக்கேன்."

 தலைவர் முந்திக்கொண்டார்: "ஒரு குளவியா? அஞ்சு வாரம்! ஒரு குளவியா?"

அக்கா கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி ஏணியிலிருந்தபடியே நீட்டினார். "இருமினாக் கொடுக்கணும்னு சொன்னீங்க. இருமிடுச்சு."

"அட, உள்ள வைம்மா! வேற ஒருத்தன் வந்து முதல் வாரத்துலேருந்து ஆரம்பிக்கறதுக்கா? இனிமே பறக்கலாம்ல?"

"எப்படிப் பறக்கறது? மாத்தின அஞ்சும் வீணா மாத்தினது. பழசு நல்லதுதான்னு ஆயிடுச்சே. அதையெல்லாம் ஒண்ணொண்ணாத் திருப்பி மாட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஓட்டிப் பார்க்கணும்."

தலைவர் ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல காத்து போகுதான்னு பார்ப்போம்" என்றார் அக்கா. "டேய், மேல வா. ஊது."

தம்பி ஏணியின் மறுபக்கமாக ஏறிக் குழாயில் வாய் வைத்தார். அக்கா திறந்திருந்த டேங்க்கின் வாயில் கன்னத்தைச் சாய்த்துக் காது கொடுத்தார். கண்களை மூடிக்கொண்டார். தம்பி கன்னம் உப்ப ஊதினார்.

"வருதாக்கா?"

 மறுபடியும் ஊதினார். பெட்ரோல் நெடியில் இருமினார். மூன்றாம் முறையும் ஊதிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி, புல்லில் கிடந்த தலைக்கவசத்தை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"என்னம்மா, போகுதா இல்லையா? ஏதாவது சொல்லேன்!" என்று கத்தினார் தலைவர்.

அக்கா கண்ணைத் திறக்காமல், சத்தம் போடவேண்டாம் என்று ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். குழாயில் ஊத அப்போது யாருமில்லை; கீழே தம்பி தலைக்கவசத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதை எடுக்கவில்லை.