டிரம்முக்குள் சேவியர்

மகன் குளிக்கப் போன நேரத்தில் அவன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிப் பார்த்தேன். மெட்டல்கோர் என்கிற பாட்டாம். ஒருவன் அடிவயிற்றிலிருந்து அலறுகிறான். அப்பா கேட்டால் பதறிக் கழற்றிவிடுவார் என்றுதான் பையன் நினைப்பான். எனக்கோ பச்சைத்தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பழைய வாடை குப்பென்று வந்தது.

ஆம்பூர், இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எங்களுக்கும் ஒரு பேண்டு இருந்தது, சிரிக்காதீர்கள். சர்ச்சில் வாசித்த அதே கிட்டார்தான். எனக்கு அதில் மூன்று கார்டு பிடிக்கத் தெரியும், அதிலும் ஒன்று சந்தேகம். அலறுவது என் நண்பன் சேவியர். வெள்ளிக்கிழமை நாங்கள் வேலை பார்த்த தோல் டேனரிக்கு லீவு. "தொழுகை முடியட்டும், அப்பறம் இன்னா வேணா கத்திக்கங்க" என்று வாட்ச்மேன் கரீம் பாய் கேட்டைத் திறந்துவிடுவார். தோல் பதனிடும் டிரம் என்பது சின்ன அறை அளவுக்குச் சுழலும் மர உருளை. அது காலியாக நிற்கும்போது சேவியர் உள்ளே ஏறிக் கத்தினால் குரல் நாலாகத் திரும்பி வரும்.

அந்த வருடம் அவன் அம்மா இறந்துபோனாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள், எனக்கும் சேர்த்து டிபன் கட்டியவள். கல்லறையில் அவன் அழவில்லை. "பெத்தவ போய்ட்டா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று அவன் காதுபடவே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் அவன் யாரிடமும் பேசவில்லை. இவன் இப்படியே போய்விடுவானோ என்று பயந்தேன்.

அடுத்த வெள்ளி வந்தான். டிரம்முக்குள் ஏறினான். பாட்டு எதுவும் இல்லை. "அம்மா" என்று ஒரே அலறல்.

கரீம் பாய் செருப்பில்லாமல் ஓடி வந்தார். எங்கள் கத்தலை வாராவாரம் கேட்டவர்தான், இது வேறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டிரம் சுற்றி ஆள் அடிபட்டுவிட்டான் என்று நினைத்துவிட்டார், பாவம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு அவனை வெளியே இழுத்துப்போட்டு, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார்.

"எங்கடா அடி? எங்க வலிக்குது, சொல்டா!"

அவர் தோளில் விழுந்து அன்றைக்குத்தான் சேவியர் அழுதான். ஐயோ, என்ன அழுகை! நானும் அழுதேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் கரீம் பாய் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அலறல் ஓய்ந்ததும் மரத்தில் தட்டி, "உள்ள நல்லாருக்கியாடா?" என்பார். சேவியர் உள்ளிருந்து திருப்பித் தட்ட வேண்டும்.

டேனரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். டிரம்மைப் பலகை பலகையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். கரீம் பாய் போய்ச் சேர்ந்தார். சேவியர் மஸ்கட்டிலிருந்து எப்போதாவது கூப்பிடுகிறான்.

மகன் குளித்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவருகே போனேன். பிறகு மெல்லத் தட்டி, "உள்ள நல்லாருக்கியாடா?" என்றேன். இன்னொரு தரமும் தட்டினேன். ஹெட்போனை மாட்டியிருப்பான், எப்படிக் கேட்கும்?